செவிப்புலனும் மொழித்திறனும்

புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மக்கட்பிறப்பின் எச்சங்கள் எட்டனை எண்ணுமிடத்து, ஊமையையும் செவிட்டையும் வேறுவேறாக வைத்தார். உலக வழக்கோ இரண்டனையும் ஒன்றாக்கி, செவி கேளாதார்க்கு மொழியும் இல்லை எனக் கொள்கிறது. இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பிறவியிலேயே செவி கேளாமைக்குப் பெரும்பான்மை காரணம் மரபணுவே. செவிட்டோடு தொடர்புடையதென 1997இல் அறியப்பெற்ற ஜி.ஜே.பி.2 என்னும் மரபணு அவற்றுள் முதன்மையானது. அது கனெக்சின் 26 என்னும் புரதத்தை ஆக்குவது. உட்செவியின் நத்தைச்சுருளில், அடுத்தடுத்த உயிரணுக்களிடையே அயனிகள் கடக்கும் வாயிலாக அமைவது இப்புரதம். இது பழுதுறின், ஒலியதிர்வை நரம்புக்குரிய குறிப்பாக மாற்றும் தொழில் குன்றும். தாய்தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்ற மகவே செவி கேளாததாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கேட்கும் திறன் உடையராயிருந்தே அதனை வழிவழிச் சுமப்பர். ஆகவே, கேட்கும் பெற்றோர்க்குக் கேளாத மகவு பிறத்தல் வியப்பன்று. ஈண்டுப் பழுதுற்றது செவியாகிய கருவியே. மொழியைக் கொள்ளும் மூளை அன்று.

இதற்குச் சான்றாவது அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து மார்த்தாசு வின்யார்டு என்னும் தீவு. 17ஆம் நூற்றாண்டில் குடியேறியோரின் வழியினர் பெரிதும் தம்முள்ளேயே மணந்தமையின், மறைந்துகிடந்த செவிட்டுமரபு ஆங்கு வெளிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 155 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே செவி கேளாதார். ஆயினும் அவர் ஊமையராய் வாழ்ந்திலர். கேட்பாரும் கேளாரும் ஒருங்கே கைமொழி பயின்றனர். தொழிலிலும் ஊர்க்கூட்டத்திலும் வேற்றுமையின்றிக் கலந்தனர். நோரா எலன் குரோசு என்னும் மானிடவியலார் 1985இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்துள்ளார்.

மூளையாராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. பிறவியிலேயே கேளாதார் கைமொழியை உணருங்கால், பேச்சுக்குரிய இடப்பக்க மூளைப்பகுதிகளே தொழிற்படுகின்றன. ஒலிக்கென அமைந்த பகுதியும் வறிதே கிடவாது, கண்வழி வரும் குறிப்பை ஏற்கிறது. ஆயின், மொழி இளமையிலேயே கிட்டுதல் வேண்டும். பருவம் கடப்பின் முழுமையாகக் கைவாராது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, கைமொழியை விலக்கி வாய்ப்பேச்சையே வற்புறுத்தியது. அதன் விளைவாகப் பல தலைமுறைச் சிறார் இளமையில் தமக்கு எளிதிற் கிட்டியிருக்கும் மொழியை இழந்தனர். 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு அம்முடிவை மறுத்தது.

சாத்தனார் இவ்வறிவியலை அறிந்து எண்ணினார் என்பது நம் கருத்தன்று. எனினும், அவர் பிரித்து வைத்தவற்றை நாம் ஒன்றாக்குதல் தவறு. செவிடு பிறப்பால் வருவது. ஊமையோ பெரும்பாலும் மொழி கிட்டாமையால் நாம் விளைவிப்பது. ஒலியையே அடிப்படையாகக் கொண்ட நம் மொழியாராய்ச்சி, கைமொழியையும் மொழியென ஏற்றல் கடனாகும்.