மலைக் காய்ச்சலும் இரத்தப் பரிசோதனையும்

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்துக் கிராமங்களிலும் காய்ச்சல் கண்டு படுப்போர் பலர். கஷாயம் குடித்துவிட்டுப் பொறுத்திருப்பது நம்மவர் வழக்கம். ஆனால் அவ்விதம் பொறுத்திருக்கத் தகாத காய்ச்சல் ஒன்று உண்டு. அதுவே உண்ணிக் காய்ச்சல். வைத்தியர்கள் இதனை ஸ்கிரப் டைபஸ் என்பர்.

புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் இந்நோய்க் கிருமி உடலில் புகுகிறது. சாமைக் கொல்லைக்கும் காட்டிற்கும் செல்வோர், விறகு பொறுக்குவோர், ஆடு மேய்ப்போர் யாவரும் கடிபடக்கூடியவரே. 2001-02ஆம் ஆண்டின் குளிர்மாதங்களில், காரணம் விளங்காத காய்ச்சலுடன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. அதன்பின் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இது அரிய நோயாக எண்ணப்படுவதில்லை. காலத்தில் சிகிச்சை பெறாவிடில் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிரையும் வாங்கிவிடும்.

இந்நோயை இரத்தத்தில் எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? கிருமி புகுந்ததும் நமது உடல் அதற்கெதிராக ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. இதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். மந்தை வீடு திரும்புகையில் கன்று தன் தாயை மட்டும் நாடி ஒட்டிக்கொள்வது போல, ஓர் எதிர்ப்பொருள் தனக்குரிய கிருமியின் புரதத்தையே பற்றிக்கொள்ளும். இந்தப் பற்றுதலே பரிசோதனைக்கு ஆதாரம்.

பழைய முறையாகிய வெயில்-பெலிக்ஸ் சோதனையில், நோயாளியின் எதிர்ப்பொருள் புரோட்டியஸ் என்னும் வேறொரு கிருமியைத் திரளச் செய்கிறதா என்று பார்ப்பர். சாயலில் ஒத்திருப்பதால் கன்று பிற பசுவிடம் போவதைப் போன்றதுதான் இது. செலவு குறைவு, நம்பகமும் குறைவே.

இப்பொழுது பெரிதும் கையாளப்படுவது எலிசா முறை. 1971இல் சுவீடன் நாட்டின் எங்வால், பெர்ல்மன் ஆகியோர் இதனை வெளியிட்டனர். சிறு குழிகள் கொண்ட தட்டில் உண்ணிக் காய்ச்சல் கிருமியின் புரதத்தைப் படியச் செய்து, நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அதில் இடுவர். உரிய எதிர்ப்பொருள் இருப்பின் அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றவை கழுவும்பொழுது போய்விடும். பின்னர், மனித எதிர்ப்பொருளையே பற்றக்கூடிய இரண்டாவது எதிர்ப்பொருள் ஒன்றை விடுவர். இதனுடன் ஒரு நொதி இணைக்கப்பட்டிருக்கும். கன்றின் கழுத்தில் கட்டிய மணி, இருளிலும் அது இருக்குமிடத்தைக் காட்டுவது போல, இந்நொதி நிறமற்ற கரைசலை நிறம்பெறச் செய்து எதிர்ப்பொருள் இருப்பதை அறிவிக்கிறது. நிறத்தின் ஆழத்தைக் கருவியால் அளக்கின்றனர்.

இத்துணை நுட்பமான சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைக் கருத்தில் கொள்வது அவசியம். எதிர்ப்பொருள் உடனே தோன்றுவதில்லை. காய்ச்சல் கண்ட ஐந்தாறு நாட்களுக்குப் பின்னரே அளக்கத்தக்க அளவில் அது பெருகுகிறது. மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால், நோய் இல்லை என்று பொருளாகாது. அக்காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக மலையேறிவிடுவது ஆபத்து. மாறாக, குணமடைந்த பின்னரும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. ஆகவே ‘உண்டு’ என்பது பழைய நோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆதலால் வைத்தியர் காகிதத்தை மட்டும் நம்புவதில்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு போன்ற மறைவிடங்களில் பீடி சுட்டாற்போன்ற கருத்த புண் உள்ளதா என்று தேடுவார். எல்லோருக்கும் அது காணப்படுவதில்லை. கண்டால் அதுவே வலுவான சான்று. சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின் மருந்தைத் தொடங்குவார். பெனிசிலின் இந்நோய்க்குப் பயன்படாது.

காய்ச்சல்காரரை ஜமுனாமரத்தூருக்கோ கீழேயுள்ள மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்வோர், காய்ச்சல் தொடங்கிய நாளையும் அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் அவர் புதர்க்காட்டில் வேலை செய்தாரா என்பதையும் தவறாது சொல்ல வேண்டும். உடம்பில் புண் இருப்பின் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள். முதற் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தும் காய்ச்சல் தணியாவிடில், மீண்டும் அழைத்துச் சென்று இரத்தம் கொடுக்கச் செய்யுங்கள்.