இரட்டிக்கும் எண்

தைராய்டில் புற்றுநோய் என்றதும் மருத்துவர்கள் பெரும்பாலும் தைரியம்தான் சொல்வார்கள். அறுவைக்குப் பின் கதிரியக்க அயோடின் கொடுத்தால், மிச்சம் மீதி செல்கள் அதை உறிஞ்சி அழிந்துபோகும். மெடுல்லரி வகைக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. தைராய்டு ஹார்மோன் சுரக்கும் செல்களுக்கிடையே ஆங்காங்கே ஒளிந்திருக்கும் சி செல்களில் தோன்றுவது இது. அவற்றுக்கு அயோடினே வேண்டாம். 1959-இல்தான் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹசார்ட், ஹாக், கிரைல் ஆகிய மூவர் இந்த அபூர்வ நோயைத் தனியாக இனம் பிரித்து விவரித்தார்கள்.

அதே சி செல்கள் தங்களைக் காட்டியும் கொடுக்கின்றன. அவை சுரக்கும் கால்சிடோனின் ரத்தத்தில் தெரியும். தைராய்டை முழுதாக எடுத்து, கழுத்து நிணநீர்க் கணுக்களையும் நீக்கியபின் அது அடியோடு இறங்கிவிட்டால் நல்ல சேதி. இறங்காவிட்டாலும் இடிந்துபோகாதீர்கள், அந்த எண் இரட்டிப்பாக எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று பாருங்கள். 2005-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று 65 பேரைத் தொடர்ந்து கவனித்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் பிடித்தவர்கள் அத்தனை பேரும் ஆய்வு முடியும்போது உயிரோடிருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் இரட்டித்தவர்களில் பத்தாண்டு தாண்டியவர்கள் 8 சதவீதம். பழைய ரிப்போர்ட் தாள் ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது பிடிபட்டால் பத்தாண்டு கடப்பவர்கள் ஏறக்குறைய 95 சதவீதம். நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று பரவிவிட்டால் சுமார் 40. வான்டெட்டானிப், கபோசான்டினிப், 2020-இல் வந்த செல்பெர்காட்டினிப் போன்ற மாத்திரைகள் கட்டியைச் சுருக்கும், நாளைத் தள்ளிப்போடும். வேரோடு களைவது இன்றும் கத்திதான்.

நால்வரில் ஒருவருக்கு இது பரம்பரை. காரணம் ரெட் என்ற மரபணுவின் பிழை என்பது 1993-இல் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. பிழை எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து ஐந்து வயதுக்குள், மிகக் கடுமையான வகையென்றால் முதல் பிறந்தநாளுக்குள்ளேயே, தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கட்டியே தென்படாத குழந்தையின் கழுத்தில் கத்தி வைக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்தக் குழந்தை தினமும் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரையோடு பள்ளிக்கூடம் போய் வரும்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இதை வெளியே விடாமல் மூடிவைப்பார்கள். தயவுசெய்து சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.