தாய்ப்பன்றிக் கணக்கும் தொழிலாளி கணக்கும்

தோட்டத் தோழர்களே!

ஒரு வட்டாரத்தில் எத்தனை பன்றி என்று மட்டும் கேட்டால் போதாது. தாய்ப்பன்றி எத்தனை என்று கேளுங்க. சினை பிடித்து ஏறக்குறைய 114 நாளில் குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு ஈத்து. தாய் இருந்தால்தான் பண்ணை. பண்ணை இருந்தால்தான் வேலை.

1998இல் ஈப்போ பக்கம் தலைகாட்டிய நிப்பா நோய், நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் கோரமாய்ப் பரவியது. 1999இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள், தாயும் குட்டியுமாய்க் கொல்லப்பட்டன. நாட்டில் 24 லட்சமாய் இருந்தவை சுமார் 13 லட்சமாய்க் குறைந்தன. பேராக்கில் பண்ணைகள் நிலைத்தன. புக்கிட் பெலாண்டோக்கில் தாய்ப்பன்றியோடு பண்ணைத் தொழிலே போச்சு.

மனுசக் கணக்கு என்ன? மலேசியாவில் 265 பேருக்கு நோய். 105 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பண்ணையில் பாடுபட்டவர்கள். சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளர் 11 பேரைப் பிடித்தது, ஒருவர் இறந்தார்.

பண்ணை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளே, கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்குங்க. பன்றிகள் பலமாய் இருமினால் கால்நடை இலாகாவுக்கு உடனே சொல்லுங்க. பன்றியை எண்ணுகிறவர்கள் நம்மையும் எண்ணட்டும்!