கடலுக்குப் போகும் மணிச்சத்து

கடல்நீர் ஆவியாய் எழுந்து, மேகமாய்த் திரண்டு, மழையாய் இறங்கி, ஆறாய் ஓடி மறுபடியும் கடலை அடைகிறதென்பதைப் பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். கரியும், தழைச்சத்தாகிய நைட்ரஜனும் அவ்வாறே ஆகாய மார்க்கமாகத் திரும்பி வருகின்றன. ஆனால் அந்த மார்க்கம் அடைபட்டுள்ள வஸ்து ஒன்று உண்டு. அதுவே மணிச்சத்து எனப்படும் பாஸ்வரம். பாறை கரைந்து மண்ணிலும், மண்ணினின்று பயிரிலும், பயிரினின்று மாட்டிலும் மனிதனிலும் சேர்ந்து, எருவாகவும் எலும்பாகவும் அது மறுபடி மண்ணுக்கு வருகிறது. இச்சக்கரத்தினின்று நழுவி ஆற்றோடு போய்க் கடலடியில் படிந்த பங்கோ, கடற்றரை நிலமாக எழும்பும் வரையில், கோடிக்கணக்கான வருஷங்கள் காத்துக் கிடக்க வேண்டும். (சஹாராப் பாலைவனத்துத் தூசியோடு வருஷந்தோறும் சுமார் 22,000 டன் மணிச்சத்து அட்லாண்டிக்கைத் தாண்டி அமெஸான் பிரதேசத்தில் விழுவதாக 2015-ல் சாஸ்திரிகள் கணக்கிட்டனர். காற்று செய்யும் அந்தத் தர்மம் அமெஸானுக்கு. நமது வயல்களுக்கு அல்ல.)

இது ரஸாயன பாடமே தவிர ராஜீய விஷயமன்று என்று எண்ணுவோர் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1842-ல் லாஸ் என்னும் ஆங்கிலேயர், எலும்பையும் பாஸ்வரக் கல்லையும் கந்தகத் திராவகத்தில் கரைத்து உரமாக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். ஐரோப்பாவின் போர்க்களங்களைத் தோண்டியும் இங்கிலாந்து எலும்பை வாரிக்கொண்டு போகிறதென்று ஜெர்மானிய பண்டிதர் லீபிக் சினந்து எழுதினார். நமது நாட்டு எலும்பும் கப்பலேறிற்று. விவசாய நிலைமையை விசாரிக்க ஆங்கில சர்க்காரே அனுப்பிய வோல்கர் துரை, எலும்பும் எண்ணெய் வித்துக்களும் ஏற்றுமதியாவதால் மண்ணின் வளம் வெளியேறுகிறதென்பதை 1893-ல் வெளியான தமது அறிக்கையில் எடுத்துக் காட்டினார். தேச பக்தன் சொன்னால் மிகையென்பார்கள், சொன்னவர் துரை.

பஸிபிக் சமுத்திரத்தில் நவுரு என்று ஒரு தீவு உண்டு. விஸ்தீரணம் 21 சதுர கிலோமீட்டர். நம் பக்கத்து இரண்டு மூன்று கிராமங்களுக்கு மேற்படாது. சிட்னி நகரத்து ஆபீஸொன்றில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லொன்றை எல்லிஸ் என்பவர் சோதித்தபோது, அது நவுருவிலிருந்து வந்த உயர்ந்த பாஸ்வரக் கல்லென்று தெரிந்தது. அக்கல்லே அத்தீவாரின் விதியாயிற்று. 1906 முதல் வெட்டத் தொடங்கினர். முதல் மகா யுத்தத்துக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து என்னும் மூன்று தர்மகர்த்தாக்களும், நவுருவை நியாயமாய்ப் பரிபாலிப்பதாக உலகின்முன் ஒப்புக்கொண்டு, அதன் மண்ணைத் தத்தம் பண்ணைகளுக்கு இறைத்துக்கொண்டனர். 1968-ல் சுதந்திரம் வந்தபோது, வெட்டியெடுத்த இடங்களில் மிஞ்சியவை சுண்ணாம்புக் கூர்ப்பாறைகளே. நவுரு 1989-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாவின்மேல் வழக்குத் தொடர்ந்தது. 1993-ல் 10 கோடியே 70 லக்ஷம் ஆஸ்திரேலிய டாலருக்கு ராஜியாயிற்று. மைனரின் சொத்தைக் கார்டியன் தின்றால் கோர்ட்டு என்ன செய்யும் என்பதை வக்கீல்கள் அறிவார்கள். ஆனால் தீர்ப்பினாலும் ராஜியினாலும் பணத்தைத்தான் மீட்கலாம். போன மண்ணை மீட்க இயலாது.

இன்று நமது நிலை என்ன? ராஜஸ்தானத்து ஜாமர்கோத்ரா முதலிய சில சுரங்கங்கள் நீங்கலாக, கல்லோ, திராவகமோ, தயாரித்த உரமோ, எல்லாம் அன்னிய தேசங்களிலிருந்தே வருகின்றன. உலகத்தின் பாஸ்வரக் கல்லிருப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவின் கையில் இருக்கிறது. 2021-ல் சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. உண்ணும் சோற்றுக்கு இப்படிப் பிறர் துறைமுகத்தை எதிர்பார்த்து நிற்பதைப் பூரண சுயராஜ்யமென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நமது முன்னோர் பாஸ்வரமென்ற பெயரை அறியார். எனினும் ஏரியை அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இருப்பவை ஏறத்தாழ 39,000. ஏரி நீரை மட்டுமா தடுக்கிறது? மேட்டு நிலத்தினின்று அடித்துவரும் வண்டலையும், அதிலுள்ள மணிச்சத்தையும் கடல் வழியில் மறிக்கிறது. கோடையில் குடியானவர்கள் அவ்வண்டலை வண்டி வண்டியாய் வயலுக்கு ஏற்றினார்கள். ஏரியும் ஆழமாயிற்று, வயலும் செழித்தது. இலவசமாய் வண்டல் எடுக்க 2017-ல் தமிழ்நாட்டு அரசு விதி செய்தது நன்றே. அது வயலுக்குப் போகிறதா, செங்கல் சூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது கிராமத் தொண்டர்களின் வேலை.

நகரங்களோ ஏரிபோல் எதையும் மறிப்பதில்லை. 1669-ல் ஹாம்பர்க் நகரத்து பிராண்ட் என்பவர் பொன் செய்ய முயன்று மூத்திரத்தைக் காய்ச்சினார். பொன்னுக்குப் பதில் பாஸ்வரம் கிடைத்தது. அந்தப் பாஸ்வரத்தை நாம் தினந்தோறும் சாக்கடையில் விடுகிறோம். அதே ஜெர்மனி 2017-ல் சட்டம் செய்து, பெரிய சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் கசடினின்று பாஸ்வரத்தை மீட்டெடுக்கவேண்டுமென்று விதித்திருக்கிறது. சாக்கடைக்கு வரி வசூலிக்கும் நமது நகரசபைகள் இவ்விஷயத்தை எந்தக் கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கப்போகின்றன என்பதை அங்கத்தினர்களிடம் கேட்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்.