பிளாஷ் ஏன் ஐபோனுக்குள்ள வரவே இல்லை?



இந்த வார எபிசோட்ல பிரவுசர் பிளகின்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சு, பாதிக் கதையிலேயே நேரம் முடிஞ்சிடுச்சு. முக்கியமான பாதி மீதி இருக்கு. அதை இங்க எழுதிடுறேன்.

2007 ஜூன் 29 அன்னைக்கு ஐபோன் கடைக்கு வந்துச்சு. கம்ப்யூட்டர்ல பார்க்கிற அதே இணையம் இனி கையில என்பதுதான் பேச்சு. ஆனா பல பக்கங்கள்ல வீடியோ இருக்க வேண்டிய இடத்துல ஒரு சின்ன நீலக் கட்டை, லெகோ துண்டு மாதிரி, உட்கார்ந்திருக்கும். பிளகின் இல்லைன்னு அர்த்தம். 2010 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஐபேடைக் காட்டினப்போ நியூயார்க் டைம்ஸ் பக்கத்துலயும் அதே கட்டை எட்டிப் பார்த்துச்சு. வெளிநாட்டுல இருக்கிற நமக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. அந்த வருஷங்கள்ல நம்ம வீடுகள்ல ஓடின சீரியல், பாட்டு, இணைய ரேடியோ எல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு வெப்சைட்டுக்குள்ள பொதிஞ்சிருந்த பிளாஷ் பிளேயர்ல தான் ஓடிச்சு. புதுப் போன் வாங்கினவங்க வீட்டுலயும் சீரியல் நேரத்துக்குப் பழைய லேப்டாப்பைத் தேட வேண்டியிருந்துச்சு.

பிளகின்னா என்னன்னு ஒரு நிமிஷம். பிரவுசர் ஒரு வீடுன்னா, பிளகின் அதுல வாடகைக்கு விட்ட அறை. பக்கத்துல ஒரு செவ்வகத்தை ஒதுக்கிக் கொடுத்துட்டு, உள்ள என்ன நடக்குதுன்னு பிரவுசர் பார்க்காது. நெட்ஸ்கேப் காலத்துல வந்த ஏற்பாடு இது. பிரவுசருக்கே வீடியோ ஓட்டத் தெரியாத நாள்ல இது பெரிய வரம். பிரச்சினை என்னன்னா, அறைக்குள்ள தீப்பிடிச்சா வீடு முழுக்க எரியும். பிளாஷ்ல அடிக்கடி தீப்பிடிச்சுது. பாதுகாப்பு ஓட்டைக்கு மாசத்துக்கு ஒரு அப்டேட் போட்டுக்கிட்டு இருந்தது ஞாபகம் இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பிளாஷோட மூதாதை 'ஸ்மார்ட்ஸ்கெட்ச்' என்கிற வரையும் மென்பொருள். ஜொனதன் கே, 1993-ல தொடங்கின ஃபியூச்சர்வேவ் கம்பெனியில, பேனாவால திரையைத் தொட்டு வேலை செய்யுற கம்ப்யூட்டர்களுக்காக எழுதினது. அந்தக் கம்ப்யூட்டர்கள் விலை போகலை. மென்பொருள் அனிமேஷன் பக்கம் திரும்பிச்சு, மேக்ரோமீடியா வாங்கிச்சு, 2005-ல அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கிச்சு. தொடுதிரைக்குன்னு பிறந்தது, தொடுதிரைக்கு லாயக்கில்லைன்னு வெளியே நிறுத்தப்பட்டுச்சு!

அந்த 'லாயக்கில்லை' வந்தது 2010 ஏப்ரல் 29-ல, ஜாப்ஸ் பேர்ல வெளியான திறந்த கடிதத்துல. அதுல ஆறு காரணங்கள் இருந்துச்சு. எல்லாத்தையும் வரிசையா எடுக்கப் போறதில்லை, எடை எல்லாத்துக்கும் ஒண்ணா இல்லை.

பேட்டரி பத்தி அவர் சொன்னது சரி. எச்.264 வீடியோவை விரிக்கிறதுக்குன்னு போன் சிப்புக்குள்ள தனிப் பகுதி இருக்கும், அது கொஞ்சமாத்தான் மின்சாரம் குடிக்கும். அப்போ வலையில கிடந்த பழைய பிளாஷ் வீடியோ நிறைய வேற வடிவத்துல இருந்துச்சு, அதை மெயின் பிராசசர் தான் மூச்சுமுட்ட விரிக்கணும். அவர் கணக்குல 10 மணி நேரம் ஓட வேண்டிய வீடியோ 5 மணி நேரம் கூட ஓடாது. ஆனா அவர் சொல்லாம விட்டது ஒண்ணு உண்டு. மேக்ல அந்தச் சிப் வசதியைப் பயன்படுத்த வெளி மென்பொருள்களுக்கு ஆப்பிள் வழி திறந்து விட்டதே அதே ஏப்ரல்ல தான். அது வரைக்கும் கதவைப் பூட்டி வெச்சுட்டு, உள்ள வரலையேன்னு குறை சொன்ன மாதிரி.

தொடுதிரை பத்தின வாதம் பாதி தான் தேறும். மவுசை மேல கொண்டு போனா மெனு திறக்கிற மாதிரி செஞ்ச பிளாஷ் பக்கங்கள் விரலுக்கு ஒத்து வராது, உண்மை. ஆனா அதே மாதிரி மெனு சாதாரண வெப்சைட்கள்லயும் அன்னைக்கு நிறைய இருந்துச்சு. அதுக்காக யாரும் இணையத்தையே தடை செய்யலையே!

கடைசிக் காரணத்தைத் தான் நான் பெருசா பார்க்கிறேன், அவரும் அதைத்தான் முக்கியம்னு சொன்னார். நமக்கும் டெவலப்பருக்கும் நடுவுல மூணாவது ஆளோட மென்பொருள் அடுக்கு வரக்கூடாது, வந்தா நம்ம புது வசதிகள் அவன் மனசு வெச்சாத்தான் மக்களுக்குப் போய்ச் சேரும்னார். இது பேட்டரி இல்லை, பாதுகாப்பு இல்லை; இது அதிகாரம். கடிதத்துக்கு மூணு வாரம் முன்னாடி, ஏப்ரல் 8-ல, ஆப்பிள் தன் ஒப்பந்தத்துல 3.3.1 என்கிற பிரிவை மாத்தி, வேற கருவியில எழுதி ஐபோனுக்கு மாத்திக் கொடுக்கிற ஆப்களைத் தடை செஞ்சுது. அடோபி சரியா அந்த மாதிரி ஒரு கருவியை நாலு நாள் கழிச்சு வெளியிட இருந்துச்சு. அதுல வர்ற ஆப் பிரவுசர் பிளகினே கிடையாது, சாதாரண ஆப். அப்புறம் ஏன் தடை? அடோபி தலைவர் ஷாந்தனு நாராயண், தொழில்நுட்பக் காரணமெல்லாம் வெறும் திரைன்னு வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல சொன்னது இந்த இடத்துல எனக்கு நியாயமாப் படுது. செப்டம்பர்ல ஆப்பிள் அந்தத் தடையைத் தளர்த்திச்சு. பிளாஷ்ல செஞ்ச 'மெஷினாரியம்' கேம் 2011-ல அந்த வழியா ஐபேடுக்கு வந்து நல்லாவே ஓடிச்சு. கருவி மேல குற்றம் இல்லைங்கிறதுக்கு அதுவே சாட்சி.

சரி, பிளாஷை வரவேத்த பக்கம் என்ன ஆச்சு? 2010 மே மாசம் கூகுள் ஆண்ட்ராய்ட் 2.2-ஐ அறிவிச்சப்போ 'எங்ககிட்ட முழு இணையமும் இருக்கு' என்பதுதான் பெருமை. ஜூன்ல பிளாஷ் பிளேயர் 10.1 வந்துச்சு. நானும் ஆசையா போட்டுப் பார்த்தேன். போன் தோசைக்கல் மாதிரி சூடாகும். பக்கத்தை நகர்த்த விரல் வெச்சா வீடியோ அந்த விரலைப் பிடிச்சுக்கும். இதைவிடக் கொடுமை, அமெரிக்காவுல ஹூலு ஆண்ட்ராய்ட்ல வர்ற பிளாஷைக் கண்டுபிடிச்சுத் தடுத்துச்சு. கம்ப்யூட்டர்ல காட்ட உரிமை இருக்கு, போன்ல காட்ட இல்லையாம். 'உங்கள் நாட்டில் இந்த நிகழ்ச்சி கிடைக்காது' என்ற வாசகத்தை மனப்பாடம் பண்ணின நமக்கு இது புதுசா என்ன! பிளகின் இருந்தா மட்டும் போதாது, வீடியோவோட சொந்தக்காரரும் சம்மதிக்கணும்.

2011 நவம்பர் 9-ல மொபைல் பிரவுசருக்கான பிளாஷை நிறுத்துறோம்னு அடோபியே சொல்லிடுச்சு. ஜாப்ஸ் காலமாகி அஞ்சு வாரம் தான் ஆகியிருந்துச்சு. 2012 ஆகஸ்ட்ல கூகுள் பிளேயிலயும் புதுசா போடுறவங்களுக்குக் கதவு அடைஞ்சுது. கம்ப்யூட்டர்ல மட்டும் 2020 டிசம்பர் 31 வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போச்சு. ஃபேஸ்புக்ல அத்தனை பேர் பயிர் வெச்ச ஃபார்ம்வில் அதே நாள்ல மூடினாங்க. தென்னாப்பிரிக்க வருமான வரித்துறை அடுத்த மாசம் பிளாஷ் படிவங்களுக்காகவே தனியா ஒரு பிரவுசர் வெளியிட்டுச்சு, நம்புங்க.

பிளகின் ஒழிஞ்சுதான்னா, முழுசா இல்லை. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி சேவைகள் ஓடுறதுக்கு பிரவுசருக்குள்ள இன்னைக்கும் ஒரு பூட்டின பெட்டி உட்கார்ந்திருக்கு, நகல் எடுக்காம காவல் காக்க. உள்ள என்ன நடக்குதுன்னு யாரும் பார்க்க முடியாது. 2017-ல உலக இணையக் கூட்டமைப்பு சண்டைக்கு நடுவுல அதுக்கு வழி கொடுத்த தரத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு.

ஐபோன்லயும் அந்த ஆறாவது காரணம் உயிரோட தான் இருக்கு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ்னு எந்தப் பேர்ல போட்டாலும் உள்ள ஓட வேண்டியது ஆப்பிளோட வெப்கிட் தான்கிறது பல வருஷ விதி. ஐரோப்பிய யூனியன்ல 2024 மார்ச்ல, சட்டம் வந்து கழுத்தைப் பிடிச்ச பிறகு, ஐஓஎஸ் 17.4-ல அதைத் தளர்த்தினாங்க. அதுக்கு முன்னாடி ஹோம் ஸ்கிரீன்ல வைக்கிற வெப் ஆப் வசதியையே அங்க எடுத்துடுறோம்னு அறிவிச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் பின்வாங்கினாங்க. பிளாஷை ஒதுக்கினது சரிதான்னு இன்னைக்கு நினைக்கிறவன் நான். யார் முடிவு எடுத்தாங்கங்கிறது தான் நெருடுது.

கடைசியா, வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துறவங்களுக்கு ஒரு வேலை. 2000-கள்ல வந்த பாட்டு, கதை சிடிகள் அலமாரியில கிடந்தா எடுத்துப் பாருங்க. உள்ள எஸ்டபிள்யூஎஃப் என்று முடியுற ஃபைல்கள் இருந்தா அது பிளாஷ். சிடி கெட்டுப் போறதுக்கு முன்னாடி நகல் எடுங்க. 'ரஃபிள்' என்கிற இலவச மென்பொருள் அந்த ஃபைல்களை எந்தப் பிளகினும் இல்லாம பிரவுசருக்குள்ளயே ஓட்டும். பழைய அனிமேஷன்கள் நல்லாவே வரும், 2006-க்குப் பிறகு வந்த சிக்கலான சிலது தடுமாறும். ஐபோன் சஃபாரியிலயும் ஓடுது. எங்கேயாவது 'பிளாஷ் பிளேயரை இறக்குங்கள்' என்று பட்டன் வந்தா மட்டும் தொடாதீங்க, அது வைரஸ் கும்பல் வேலை. ஏதாவது சிடி கிடைச்சு, ஓட்டத் தெரியலைன்னா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.