27 ரூபாய் 14 காசு எங்கே போனது?

பாஸ்புக்கில் 27 ரூபாய் 14 காசு என்று ஒரு பற்று விழுந்திருந்தால், பெரும்பாலும் அது ஏடிஎம் கட்டணம். இலவச எண்ணிக்கையைத் தாண்டிப் பணம் எடுத்தால் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 மே 1 முதல் வங்கிகளுக்கு அனுமதி தந்திருக்கிறது. அதற்கு முன்பு இந்த வரம்பு 21 ரூபாய். 23 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் இந்தக் காசுக் கணக்கு வந்துவிடும்.

எத்தனை தடவை இலவசம் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். சாதாரண சேமிப்புக் கணக்குக்குச் சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் 5 தடவை இலவசம். மற்ற வங்கிகளின் ஏடிஎம்மில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் என்ற 6 பெருநகரங்களில் 3 தடவை, மற்ற ஊர்களில் 5 தடவை. இது குறைந்தபட்சம், சில வங்கிகள் கூடுதலாகவும் தருகின்றன. உங்கள் கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறது என்பது இங்கே பொருட்டல்ல. இயந்திரம் நிற்கும் ஊர்தான் கணக்கு. மதுரையில் கணக்கு வைத்திருப்பவர் சென்னைக்கு வந்து வேறு வங்கி ஏடிஎம்மில் எடுத்தால் அவருக்கும் 3தான். வங்கிப் பெயரே இல்லாமல் தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஏடிஎம்களும் ‘வேறு வங்கி’ கணக்கில்தான் சேரும்.

இந்த எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் தின்பது பேலன்ஸ் பார்ப்பது. சொந்த வங்கி ஏடிஎம்மில் பேலன்ஸ் பார்த்தால் கணக்கில் வராது. வேறு வங்கி இயந்திரத்தில் பார்த்தால் அதுவும் ஒரு தடவை. காரணம் எளிது: நீங்கள் வேறு வங்கி ஏடிஎம்மில் அட்டையைச் செருகும் ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கி அந்த வங்கிக்குப் பணம் கொடுக்கிறது. பணம் எடுத்தால் 19 ரூபாய், பேலன்ஸ் பார்த்தால் 7 ரூபாய். உங்களுக்கு இலவசமாக இருக்கும்போதும் அது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பேலன்ஸ் தெரியவேண்டுமென்றால் மிஸ்டு கால் கொடுத்தாலே எஸ்எம்எஸ் வந்துவிடும். அதற்கு ஏடிஎம் படி ஏறவேண்டியதில்லை.

இயந்திரத்தில் பணம் தீர்ந்துபோய் வெறுங்கையோடு திரும்பினாலோ, நெட்வொர்க் கோளாறாலோ, பின் நம்பர் தவறானதாலோ பரிவர்த்தனை நடக்காமல் போனால் அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது 2019 முதல் விதி. ஆனால் உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லாமல் இயந்திரம் மறுத்தால் கதை வேறு. அந்த மறுப்புக்கே 20, 25 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கும் வங்கிகள் உண்டு. பணம் தராததற்குக் கட்டணம்!

கணக்கில் பணம் குறைந்து, கைக்கு வராமல் போயிருந்தால் பதற வேண்டாம். 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே அதைத் திருப்பிப் போடவேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும்.

ஆனால் ஏடிஎம் கட்டணம் சில்லறைதான். அதற்காகக் கோபப்படும் நாம், அதைவிடப் பல மடங்கு பெரிய இன்னொன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்: இஎம்ஐ பவுன்ஸ். தவணைத் தேதியில் கணக்கில் பணம் இல்லையென்றால் உங்கள் வங்கி தனியாக ஒரு கட்டணம் எடுக்கும். பல வங்கிகளில் இது 250 முதல் 500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குப் பவுன்ஸ் கட்டணமும் தாமத அபராதமும் போடும். சில நாள் கழித்து அதே தவணையை மறுபடியும் அனுப்பி, அப்போதும் பணம் இல்லையென்றால் மறுபடியும் கட்டணம். இதோடு கிரெடிட் ஸ்கோரும் அடிபடும். தானியங்கிப் பற்று திரும்பிப்போவது, செக் திரும்புவதைப் போலவே சட்டப்படி குற்றமாகவும் கொள்ளப்படலாம்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஞாயிற்றுக்கிழமை. வங்கி விடுமுறை, அதனால் திங்களன்றுதான் எடுப்பார்கள் என்று நினைப்பது பழைய காலத்துக் கணக்கு. 2021 ஆகஸ்ட் 1 முதல் இந்தத் தானியங்கி வசூல் முறை ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் எல்லா நாளும் இயங்குகிறது. சம்பளம் 7ஆம் தேதி வருகிறது, தவணை 5ஆம் தேதி என்றால், கடன் கொடுத்தவரிடம் எழுதிக் கேட்டுத் தேதியை மாற்றிக்கொள்வதுதான் நிலையான தீர்வு. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியிலும் இதே சிக்கல் உண்டு. தவணை தவறினால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது. உங்கள் வங்கி போடும். மறந்தே போன பழைய இன்சூரன்ஸ், சந்தா ஆகியவற்றின் ஒப்புதல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று நெட்பேங்கிங்கிலும் யுபிஐ ஆட்டோபே பக்கத்திலும் ஒருமுறை பார்த்து, வேண்டாதவற்றை ரத்து செய்துவிடுங்கள்.

அமெரிக்காவில் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கியே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவைக்கும் 35 டாலர் வரை ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடிக்கும் வழக்கம் உண்டு. நம் நாட்டில் சேமிப்புக் கணக்கு அப்படித் தானாக மைனஸில் போகாது. இங்கே ஓவர்டிராஃப்ட் (ஓடி) என்பது முன்கூட்டியே கேட்டு வாங்கும் வசதி. என் கருத்தில், நடுத்தரக் குடும்பங்கள் பயன்படுத்தத் தவறும் நல்ல ஏற்பாடு இது. வைப்புத்தொகை (எஃப்டி) இருந்தால் அதை உடைக்காமல், அதன்மேல் ஓடி கேட்கலாம். வட்டி, அந்த எஃப்டிக்கு உங்களுக்குக் கிடைப்பதைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக இருக்கும். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டும். 20,000 ரூபாயை 10 நாளுக்கு 8.5 சதவீதத்தில் எடுத்தால் வட்டி 47 ரூபாய்கூட ஆகாது. ஒரே ஒரு பவுன்ஸுக்கு 500 ரூபாயும் ஜிஎஸ்டியுமாக 590 கட்டுவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜன்தன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் 10,000 ரூபாய் வரை ஓடி கேட்க வழியுண்டு. 2,000 ரூபாய் வரை நிபந்தனையே கிடையாது.

அவசரத்துக்குக் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகுவது மட்டும் வேண்டாம். எடுக்கும் தொகையில் பெரும்பாலும் 2.5 சதவீதம் கட்டணம், சிறு தொகையானாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டி.

மினிமம் பேலன்ஸ் தொல்லை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஸ்டேட் வங்கி 2020லேயே அபராதத்தைக் கைவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்ற பொதுத்துறை வங்கிகள் 2025இல் கைவிட்டன. தனியார் வங்கிகளில் இன்னும் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் பார்ப்பது மாதச் சராசரியை, ஒரு நாள் இருப்பை அல்ல. தினமும் நாள் முடிவில் இருக்கும் தொகையைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். சராசரி 10,000 வேண்டும், 20 நாட்கள் 5,000தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 நாட்கள் 20,000 வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். தவறினாலும் உடனே அபராதம் போட முடியாது. முதலில் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது தரவேண்டும். அபராதமும் குறைந்த தொகைக்கு ஏற்பத்தான் இருக்கவேண்டும். அதனால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது.

வேலை மாறியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கில் சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும். மினிமம் பேலன்ஸ் விதியும் கூடவே வந்துவிடும். வேண்டாத கணக்கை மூடிவிடுவதே மேல். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் எந்த வரவு செலவும் செய்யாமல் செயல்படாத கணக்காகிவிட்டால், மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அதில் அபராதம் பிடிக்கக் கூடாது.

தவறாகப் பிடித்திருந்தால் முதலில் கிளையில் கேளுங்கள். முதல் தடவை என்றால் மேனேஜர் திருப்பிப் போட்டுவிடுவதும் உண்டு. நடக்காவிட்டால் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. வழிகாட்ட 14448 என்ற எண் இருக்கிறது. ஏடிஎம் தகராறு என்றால் தேதி, நேரம், இயந்திரத்தின் அடையாள எண் மூன்றும் கையில் இருக்கட்டும். ஸ்லிப் வரவில்லையென்றால், அங்கே நிற்கும்போதே இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.