சாதியை அறிவித்தால் மதிப்பெண் குறையுமா? கிளாட் ஸ்டீலின் ஆய்வும் நமது வகுப்பறைகளும்

"உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய எஸ்.சி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்." விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரி மாணவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் இவ்வாக்கியத்தை நாம் கேட்க நேர்கிறது. இதில் வசைச்சொல் இல்லை, எனவே தீங்கும் இல்லை என்பர். அவ்வாறன்று என்பதற்கான சான்றுகளை அமெரிக்கச் சமூக உளவியலாளர் கிளாட் ஸ்டீலின் ஆய்வுகள் தருகின்றன.

போதிய தகுதியுடன் கல்லூரிக்கு வரும் கறுப்பின மாணவர்களும் பின்தங்குவது ஏன் என்பதே அவரது கேள்வி. 1995இல் ஜோஷுவா ஆரன்சனுடன் அவர் வெளியிட்ட ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் கடினமான மொழித்திறன் தேர்வொன்றை எழுதினர். அது அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்று கூறப்பட்டபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினர். திறனை அளப்பதற்கல்ல என்று கூறி அதே வினாக்களைக் கொடுத்தபோது, நுழைவுத் தேர்வில் தம்மையொத்த மதிப்பெண் பெற்ற வெள்ளையின மாணவர்களுக்கு இணையாக எழுதினர். தம் சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட இழிகருத்தை மெய்ப்பித்துவிடுவோமோ என்ற அழுத்தமே இதற்குக் காரணம் என்றார் ஸ்டீல். பிந்தைய ஆய்வுகள் சிலவற்றில் இவ்விளைவு சிறிதாகவே தென்பட்டது; அதன் அளவு குறித்த விவாதம் தொடர்கிறது.

சாதிக்கும் இது பொருந்துமா? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறச் சிறுவர்கள் 642 பேரிடம் வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது தலித் சிறுவர்கள் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களுக்கு இணையாகவே தீர்த்தனர். அனைவர் முன்னிலையிலும் சாதி அறிவிக்கப்பட்டபோது பெரும் இடைவெளி உருவானது.

இங்குதான் சட்டம் முக்கியமாகிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அவமதிப்பு வழக்கில் இழிவுபடுத்தும் உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும். 'எழுந்து நில்' என்ற சொல்லில் அதனை மெய்ப்பிப்பது கடினம். ஆனால், பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த சமத்துவ ஒழுங்குமுறை, வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதையும், இடஒதுக்கீட்டு மாணவர் என முத்திரை குத்துவதையும், குறைந்த மதிப்பெண்ணுக்குச் சாதியைக் காரணமாகச் சொல்வதையும் தடைசெய்தது.

ஆகவே மாணவர்கள் இத்தகைய நிகழ்வின் நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே குறித்துவைக்க வேண்டும். முதல்வரிடம் எழுத்துமூலம் புகார் அளித்து ஒப்புகை பெற வேண்டும். உதவித்தொகை அறிவிப்பை மாணவருக்குத் தனித்தனியே அனுப்புமாறு கோர வேண்டும். அதற்குக் கூடுதல் நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை.